எட்டாம் நாள் ஊசி

விக்டோரியாவின் ஆராய்ச்சியில் ரத்தம் பிடித்துவைத்த கண்ணாடிக் குழாய்கள் மொத்தம் நாலாயிரத்து இருநூறு. ஒன்றில்கூட ஒருவர் பேரும் கிடையாது. அதைத்தான் அவள் பத்துப் பன்னிரண்டு வருஷம் மேடைக்கு மேடை சொல்லிக் கைதட்டு வாங்கினாள். கெட்டிக்காரிதான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் கெட்டிக்காரத்தனம் எல்லா நேரத்திலும் கைகொடுப்பதில்லை, சில நேரம் காலை வாரியும் விடும்.

2004இல் அவளுக்கு அந்தத் திட்டம் கிடைத்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் எச்ஐவி எவ்வளவு பரவியிருக்கிறது, கூடவே ஈரலைக் கெடுக்கும் ஹெப்படைட்டிஸ் கிருமிகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று கணக்கெடுக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், திட்டம் தந்தவர்களுக்கு எச்ஐவி மேல்தான் கண். அதற்கு ஊரெல்லாம் பயம் இருந்தது. மஞ்சள்காமாலைக்கு இந்தப் பக்கத்தில் கீழாநெல்லியும் மோரும் இருந்தன, அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? எடுக்கிற ரத்தத்திலேயே அதையும் பார்த்துவிடலாம் என்றது விக்டோரியாதான்.

ஒரு ஊரில் கிருமி எவ்வளவு என்று அறியக் கர்ப்பிணிகளின் ரத்தத்தைப் பார்ப்பது அந்தத் துறையின் வழக்கம். குலசேகரத்து ரப்பர் தோட்டங்களில் தொடங்கி, மார்த்தாண்டம் வந்து, கடைசியில் இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே இருக்கிற ஒரு கடற்கரை ஊருக்கு வந்தார்கள். அது விக்டோரியா பிறந்த ஊர். அப்பா இறந்தபின் அம்மாவோடு நாகர்கோவிலுக்குக் குடிபோய் இருபது வருஷமாகியிருந்தது. ஆனாலும் ஊருக்கு அவள் வெளியாள் இல்லை.

வெளியாள் இல்லை என்பதால் ரத்தம் தந்துவிடுவார்களா என்ன? எய்ட்ஸ் டெஸ்ட்டாம் என்று ஒரு வார்த்தை கிளம்பியதும் மாதா கோவில் பங்கு மண்டபத்தில் போட்ட நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. பங்குச்சாமியார் யோவான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மைக்கை அவள் கையில் கொடுத்துவிட்டார்.

"குழாயில நம்பர் மட்டும்தான் இருக்கும். பேரு எழுதின சீட்ட உங்க கண்ணு முன்னால கிழிச்சு உங்க கையிலயே தருவோம். உங்க ரத்தம் எதுன்னு எனக்கே தெரியாது. மாதா சாட்சியா சொல்லுதேன்" என்றாள் விக்டோரியா.

மாதாவைச் சாட்சிக்கு இழுத்தபின் அந்த ஊரில் மறுபேச்சு கிடையாது. தொண்ணூற்றாறு பெண்கள் வந்தார்கள். வரிசையில் முதல் ஆளாக நின்றவள் ஜின்சி, விக்டோரியாவின் சின்னம்மா மகள், இருபத்துமூன்று வயது, முதல் பிள்ளைக்கு ஏழு மாதம். அக்கா நடத்துகிற காரியத்துக்குத் தான் முன்னால் நிற்காவிட்டால் எப்படி என்று அவளுக்கு ஒரு ரோஷம். அவளுக்குப் பின்னால் அவள் சின்ன வயதுக் கூட்டுக்காரி ஞானசெல்வி. அவளுக்கும் ஏறக்குறைய அதே மாதம்தான்.

ஞானசெல்வி கையை நீட்டிக்கொண்டே கேட்டாள். "ரிசல்ட்டு எப்பம் தருவிய?"

"ரிசல்ட் கிடையாது மக்கா. இது கணக்குக்காக மட்டும். உனக்குத் தெரியணும்னா ஆஸ்பத்திரியில தனியா டெஸ்ட் எடுக்கலாம்."

"எனக்க ரத்தத்தில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாண்டாமா?"

"ஏட்டி, தாற பாலையும் பழத்தையும் தின்னுட்டுப் போவியா, பெரிய கேள்வி கேக்க வந்துட்டா" என்றாள் ஜின்சி. வரிசையே சிரித்தது. விக்டோரியாவும் சிரித்தாள். ஞானசெல்வி பழத்தைத் தின்றுவிட்டுப் போனாள்.

பேர் இல்லையே தவிர, நம்பரோடு ஒரு படிவம் உண்டு. வயது, எத்தனையாவது கர்ப்பம், எத்தனை மாதம், எந்த ஊர், கணவர் என்ன தொழில். அந்தக் கடைசிக் கேள்வி விக்டோரியாவின் செல்லப்பிள்ளை. வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போகிற ஆண்கள் வழியாகத்தான் எச்ஐவி வருகிறது என்று அவளுக்கு ஒரு கட்சி. அதனால் தொழிலை விவரமாக எழுதச் சொல்லியிருந்தாள். பரிசோதனைக்கூடத்தில் அவளோடு வேலை பார்த்த தாணுமாலயன் அப்போதே சொன்னார்.

"மீன்பிடி, விவசாயம், மத்ததுன்னு மூணு கட்டம் போட்டாப் போராதா மேடம்? ரொம்ப விவரம் கேட்டா ஆளு தெரிஞ்சிரும், கேட்டியளா."

"நாலாயிரம் பேர்ல யாரைத் தெரியப் போகுது தாணு?" என்று சிரித்துவிட்டாள்.

அக்டோபரில் முடிவுகள் வந்தன. கடற்கரை ஊரின் தொண்ணூற்றாறு குழாய்களில் எச்ஐவி ஒன்றில்கூட இல்லை. ஹெப்படைட்டிஸ் பி நான்கில் இருந்தது. விக்டோரியா நான்கு படிவங்களையும் எடுத்து மேசையில் வைத்தாள். மூன்றில் கணவர் தொழில் மீன்பிடி. அந்த ஊரில் கல்லை விட்டெறிந்தால் மீன்பிடிக்கிறவன் மேல்தான் விழும், அதிலிருந்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது. நான்காவதில் இருந்தது: வயது 23, முதல் கர்ப்பம், ஏழாம் மாதம், கணவர் தொழில் கப்பலில் சமையல்.

அந்த ஊரில் கப்பலில் சமையல் செய்கிறவன் ஒருவன்தான். ததேயுஸ், ஜின்சியின் கணவன்.

அந்தக் காகிதத்தைப் பார்த்த நிமிஷத்திலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இந்தக் கிருமி பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும். பிறந்து இருபத்துநாலு மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். தடுக்காவிட்டால் பெரும்பாலும் சாகும்வரை போகாது, சத்தமில்லாமல் ஈரலில் உட்கார்ந்திருந்து முப்பதிலோ நாற்பதிலோ ஆளைச் சாய்க்கும். மாவட்டத்திலேயே இதை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் அன்றைக்கு யாரும் இல்லை.

சொல்லக்கூடாது என்பது விதி. மாதா சாட்சியாகச் செய்த சத்தியம் வேறு. ஒரு பேர் வெளியே போனால் ஆராய்ச்சி மொத்தமும் குப்பைக்குப் போகும், ஊரும் இனி ரத்தம் தராது. எல்லாம் சரிதான். ஆனால் விதி அவள் வாயைத்தான் கட்டியது, கையைக் கட்டவில்லை. தன் தங்கச்சி பிள்ளைக்கு ஒரு ஊசி போட எந்தக் கமிட்டியின் அனுமதி வேண்டும்? அதுவும் அவளுக்குத் தோன்றியது. அந்த வாரமே தடுப்பூசி வாங்கி வந்து வீட்டு ஃப்ரிட்ஜில் வெண்ணெய் வைக்கிற தட்டில் வைத்தாள். டிசம்பர் முதல் வாரத்தில் பிரசவம். பிள்ளையைப் பார்க்கப் போகிற சாக்கில் போட்டுவிடலாம் என்று நிம்மதியாக இருந்தாள்.

நவம்பர் நடுவில் டெல்லியில் ஒரு கருத்தரங்கு. போய் இறங்கிய அன்று சாயங்காலம் அம்மா போன் செய்தாள்.

"ஜின்சிக்கு நேரத்தே வலி வந்துட்டு மக்கா. பெண்பிள்ளை. இன்னைக்கு மத்தியானம் பிறந்திச்சு. ரெண்டு பேரும் சுகமா இருக்கு."

விக்டோரியா ஓட்டல் அறையில் நின்றுகொண்டிருந்தாள். மத்தியானம் என்றால் நாளை மத்தியானம்வரை நேரம் இருக்கிறது என்று மனம் தன்னால் கணக்குப் போட்டது. ஊசி அம்மா நிற்கிற இடத்திலிருந்து நாலடி தூரத்தில் ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிறது. அம்மா, அந்தப் பெட்டியை எடுத்து ஆஸ்பத்திரி நர்ஸிடம் கொடு என்று ஒரு வார்த்தை. அல்லது தாணுமாலயனுக்கு ஒரு போன், அவர் ஐஸ் பெட்டியோடு அரைமணி நேரத்தில் போய் நிற்பார். ஆனால் ஏன் இந்தப் பிள்ளைக்கு மட்டும் என்று நர்ஸ் கேட்பாள். தாணுமாலயன் கேட்கவே மாட்டார், அவருக்குப் புரிந்துவிடும். நாளைக் காலை பத்து மணிக்கு அவள் பேச வேண்டிய பேச்சின் தலைப்பே, ஒருவர் அடையாளமும் தெரியாமல் ஒரு மாவட்டத்தை அறிவது எப்படி என்பதுதான்.

"பிள்ளைக்குக் குளிர் படாம பாத்துக்கச் சொல்லுங்கம்மா" என்று சொல்லி போனை வைத்தாள்.

மறுநாள் பேச்சுக்கு நல்ல கைதட்டு. அவள் ஊர் திரும்பியபோது பிள்ளை பிறந்து எட்டு நாள். கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம் என்று தெரிந்தேதான் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். புது ஊசி, நம்ம வீட்டுப் பிள்ளைக்கு முதலில் போடுகிறேன் என்றாள். ஜின்சிக்குப் பெருமை தாங்கவில்லை. டெல்லியிலிருந்து இறங்கினதும் இறங்காததுமாக எனக்க பிள்ளையைத்தான் பார்க்க வந்தாள் என்று அக்கம்பக்கமெல்லாம் சொன்னாள். பிள்ளைக்கு லிஜா என்று பேர் வைத்தார்கள்.

இரண்டாவது ஊசி ஒரு மாதம் கழித்துப் போட வேண்டும். கிறிஸ்துமஸ் நேரம். பண்டிகை முடியட்டும், இருபத்தேழாம் தேதி போகலாம் என்று வைத்தாள். இருபத்தாறாம் தேதி கடல் ஊருக்குள் வந்துவிட்டது. ஜின்சியின் வீடு போனது, அவளும் பிள்ளையும் கோவில் மேட்டில் ஏறித் தப்பினார்கள். அந்தச் சமயத்தில் ஊசியை யார் நினைத்தார்கள்? பிணங்களை எடுக்கிற கைகள் வேண்டியிருந்தன, முகாமில் வயிற்றுப்போக்கு வராமல் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. விக்டோரியா ராப்பகல் பார்க்காமல் உழைத்தாள், அது பொய்யில்லை. இரண்டாவது ஊசி பிப்ரவரியில் போட்டாள். அதற்குப்பின் யாராவது கேட்டால் சொல்ல அவளிடம் சுனாமியும் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை செய்தால் லிஜாவுக்குக் கிருமி போயிருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். நாலாயிரத்து இருநூறு பேரைச் சோதித்தவள் அந்த ஒரு பிள்ளையைச் சோதிக்கவில்லை. சோதிக்காதவரை, ஊசி வேலை செய்திருக்கவும் கூடும் என்று ஒரு பக்கம் இருந்தது. நிகழ்தகவு படித்தவளுக்கு அதைப் பிடித்துக்கொண்டு தூங்கத் தெரிந்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் படிப்பும் உதவும்.

வருஷங்கள் போயின. கட்டுரைகள் வந்தன, வெளிநாட்டுக்கு இரண்டு முறை போனாள், எச்ஐவி பற்றிப் பேச எங்கே கூப்பிட்டாலும் போனாள். பின்னாளில் ஒரு கூட்டத்தில், ரத்தம் தந்தவர்களுக்கு முடிவைச் சொல்லாமல் விடுவது அநியாயம், அந்த முறையை நிறுத்த வேண்டும் என்றுகூடப் பேசினாள். பேசிவிட்டு வெளியே வந்து கழிப்பறையில் நின்று அழுதாள். அழுகை உண்மைதான். ஆனால் ஊருக்குப் போய் ஜின்சியிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு ஊர்த் திருவிழாவுக்கும் ஜின்சி அவளை உட்காரவைத்து மீன்குழம்பு ஊற்றுவாள், வந்தவர்களிடமெல்லாம் எட்டாம் நாள் ஊசியின் கதையைச் சொல்லுவாள். விக்டோரியா குனிந்து சாப்பிடுவாள்.

2016இல், ஆடி மாதத்து ஒரு காலையில் ஜின்சி நாகர்கோவில் வீட்டுக்கு வந்தாள். ததேயுஸ் கப்பலில் இடுப்பு அடிபட்டு வீட்டோடு இருந்ததால், குவைத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்கு அவள் போவதாக இருந்தது. விசாவுக்கு முன்னால் மெடிக்கல் எடுத்த காகிதத்தை நீட்டினாள். அன்ஃபிட் என்று முத்திரை குத்தியிருந்தது.

"மஞ்சக்காமாலைக் கிருமியாம் எக்கா. எனக்கு ஒரு நாளும் காமாலை வந்ததில்லியே. வேலை போனது போட்டும், சாரமில்ல. இது ஒடம்பு சேருததாலயும் பரவும்னு யாரோ அவருக்குச் சொல்லியிருக்கினும். நான் கப்பல்ல கெடந்தப்பம் உனக்கு எங்கேருந்து வந்திச்சுன்னு கேக்காரு. பன்னெண்டு வயசுப் பிள்ளைக்க முன்னால வச்சுக் கேக்காரு."

அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்த முகம்.

விக்டோரியாவுக்கு அவளைத் தேற்ற வேண்டும் என்பது மட்டும்தான் தோன்றியது. "அப்படி ஒண்ணும் இல்ல மக்கா. ததேயுஸ்ட்ட நான் பேசுதேன். நம்ம பக்கத்துல இது உள்ளவங்கள்ல முக்காவாசிப் பேருக்குப் பொறக்கும்போதே வாறதாக்கும். சின்னம்மாவுக்கு இருந்திருக்கும், உனக்கு அவியகிட்டயிருந்து வந்திருக்கும். யாருக்க தப்பும் இல்ல."

ஜின்சியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கொஞ்ச நேரம்தான்.

"பொறக்கும்போது அம்மைகிட்டயிருந்து பிள்ளைக்கு வருமா?"

"வரும்."

"அப்பம் எனக்க லிஜாவுக்கு?"

ஜின்சி காகிதத்தை நாலாக மடித்தாள், மறுபடியும் பிரித்தாள்.

"நீ எட்டாம் நாளு ஒரு ஊசி கொண்டு வந்தியே. அது இதுக்குள்ளதா?"

"ஆமா."

"ஊருல வேற எந்தப் பிள்ளைக்கும் அது போடல்லியே எக்கா. ஞானசெல்விக்க பிள்ளைக்குப் போடல்ல. எனக்க பிள்ளைக்கு மட்டும் போட்ட. நான் அதைப் பெருமையா சொல்லிக்கிட்டு நடந்தேன்."

"ஜின்சி..."

"அப்பம் உனக்குத் தெரியும்."

பன்னிரண்டு வருஷம் விதி விதி என்று சொல்லிக்கொண்டிருந்த வாயில் அந்த நேரத்தில் விதி வரவில்லை. "தெரியும்" என்றாள் விக்டோரியா.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். படிவம், கப்பலில் சமையல், வெண்ணெய்த் தட்டு எல்லாம். கடைசியில் ஜின்சி ஒன்றைத்தான் கேட்டாள்.

"தெரிஞ்சிருந்தும் எதுக்கு எட்டாம் நாளு?"

"நான் டெல்லியில இருந்தேன்."

"உனக்க அம்மை அன்னைக்கே உனக்குப் போன் பண்ணிச்சே. குளிர் படாம பாத்துக்கச் சொன்னன்னு வந்து சொல்லிச்சு. நானும் பிள்ளைய ரெண்டு துணியில பொதிஞ்சு வச்சேன்." ஜின்சி எழுந்துகொண்டாள். "சனிக்கிழமை கூட்டிட்டு வாறேன். டெஸ்ட் எடு."

சனிக்கிழமை லிஜா பள்ளிக்கூடச் சட்டையோடு வந்தாள். ஒல்லியான பிள்ளை, ஊசிக்குப் பயமில்லை. தாணுமாலயன் பழக்கதோஷத்தில் நம்பர் எழுதின ஸ்டிக்கரை எடுத்தார்.

"பேரெழுதுங்க சார்" என்றாள் ஜின்சி. "முழுப் பேரும் எழுதுங்க."

விக்டோரியா பேனாவை அவர் கையிலிருந்து வாங்கித் தானே எழுதினாள். லிஜா, தகப்பன் பேர் ததேயுஸ், வயது பன்னிரண்டு.

"இது என்னத்துக்கு டெஸ்ட்டு பெரியம்மா?" என்று லிஜா கேட்டாள்.

"ரிசல்ட் வந்ததும் உங்கிட்டயே சொல்லுவேன் மக்கா" என்றாள்.

ரிசல்ட் திங்கட்கிழமை வந்தது. லிஜாவுக்குக் கிருமி இருந்தது. தாணுமாலயன் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். அன்றைக்கே சொன்னேனே என்று அவர் சொல்லியிருந்தால்கூட விக்டோரியாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று மத்தியானமே அவள் பஸ் ஏறி ஊருக்குப் போனாள். லிஜா பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கவில்லை. ஜின்சி புறவாசலில் உட்கார்ந்து சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். விக்டோரியாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பிழைப்பாளா?"

"நல்லா இருப்பா. ஆறு மாசத்துக்கு ஒருக்க பாக்கணும், உன்னையும்தான். வேணும்னா மருந்து இருக்கு. அவ கல்யாணம் கெட்டிப் பிள்ளை பெறும்போ அந்தப் பிள்ளைக்கு அன்னைக்கே ஊசி போடணும். நான் கூட இருப்பேன் மக்கா."

"நீ இருக்காண்டாம். நான் இருப்பேன்" என்றாள் ஜின்சி. சத்தமாகச் சொல்லவில்லை. சாளையைக் கழுவி முடித்துச் சட்டியில் போட்டாள். பிறகு கேட்டாள். "அன்னைக்கு நம்ம ஊருல எத்தன பேருக்க ரத்தத்தில இது இருந்திச்சு?"

"நாலு."

"என்னையும் சேத்தா?"

"சேத்து."

"மத்த மூணு பேரு ஆரு?"

"தெரியாது" என்றாள் விக்டோரியா. இந்த முறை அது நிஜமாகவே உண்மை. அந்த உண்மையைச் சொல்ல அவளுக்கு அவமானமாக இருந்தது.

"அவளுவளுக்கு எட்டாம் நாளுகூட ஆரும் வரல்ல" என்றாள் ஜின்சி. கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள். "எழும்பு. அந்த வருஷம் வயித்துல பிள்ளையோட வரிசையில நின்னது ஆரு ஆருன்னு எனக்குத் தெரியும். நீ பேரெழுதல்ல. நான் மறக்கல்ல. வீடு வீடாப் போவோம். நீ நடந்ததைச் சொல்லு, நான் கூட நிக்கேன். எனக்குப் பொறத்தால நின்னது ஞானசெல்வி, அவளுக்குப் பொறத்தால..."

ஞானசெல்வி செத்து ஒன்றரை வருஷமாகியிருந்தது. வயிறு வீங்கி, அதில் நீர் கோர்த்து, முப்பத்துநாலு வயதில். ஒரு சொட்டு சாராயம் தொடாத பொம்பளைக்கு ஈரல் எப்படிக் கெட்டது என்று ஊரே கேட்டது. அடக்கத்துக்கு விக்டோரியாவும் வந்திருந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது, மூன்றில் ஒன்று இவளாக இருக்குமோ என்று மனதில் ஒன்று ஓடியது. ஓடவிட்டாள். மாலையைப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். அந்த மூன்றில் அவள் இருந்தாளா இல்லையா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

"எனக்க ரத்தத்தில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாண்டாமான்னு கேட்டாள்லா எக்கா" என்றாள் ஜின்சி. இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "நாந்தானே பழத்தத் தின்னுட்டுப் போவச் சொன்னேன்."

"நீ இல்ல மக்கா. நானாக்கும்."

ஜின்சி கதவைச் சாத்திச் செருப்பை மாட்டினாள்.

"அவளுக்கு ஒரு மகன் இருக்கான். லிஜாவைவிட இருபது நாளு இளையவன். முதல்ல அங்க போவோம்."

விக்டோரியா பையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தாள்.